அறிவினாவும் அறியா வினாவும்: தேர்வுப் புள்ளிவிவரங்களின் வழி வினாத்தாளை மதிப்பிடுதல்

ஆய்வுச் சுருக்கம்

தேர்வு முடிவுகள் மாணவரை மதிப்பிடும் சான்றாகவே தமிழகத்தில் வாசிக்கப்படுகின்றன. அதே எண்கள் வினாவையும் மதிப்பிட வல்லவை. வினாப் பகுப்பாய்வின் அடிப்படைக் குறியெண்களை விளக்கி, அவற்றுக்குத் தேவையான தரவு இங்கு ஏற்கெனவே திரட்டப்படுவதையும் அது வினாவைத் திருத்தப் பயன்படாமல் நின்றுவிடுவதையும் இக்கட்டுரை சுட்டுகிறது. 2018-ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாள் வழக்கை முதன்மைச் சான்றாகக் கொண்டு, மொழிபெயர்ப்பு வினாக்களை மதிப்பிடுவதில் புள்ளிவிவரமும் மொழிப்புலமையும் இணைய வேண்டிய இடத்தை வரையறுக்கிறது.

திறவுச்சொற்கள்: வினாப் பகுப்பாய்வு, கடினநிலைக் குறியெண், வேறுபடுத்தும் குறியெண், மொழிபெயர்ப்பு வினா, நீட் 2018, வல்லம் வடகால்.

முன்னுரை

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பகுக்கிறார். அவற்றுள் அறிவினா என்பது விடையைத் தான் அறிந்திருந்தும், பிறர் அதனை அறிவாரா என்று காண்பதற்காகக் கேட்கப்படுவது. ஆசிரியர் மாணவரை வினவுவது இதற்குரிய வழக்கமான எடுத்துக்காட்டு. அறியா வினா என்பது தான் அறியாத ஒன்றை அறிந்துகொள்ளக் கேட்கப்படுவது. இப்பகுப்பின்படி தேர்வுத்தாளில் உள்ள ஒவ்வொரு வினாவும் அறிவினாவே. வினா எடுப்பவருக்கு விடை தெரியும். விடைக்குறிப்பும் உடன் அமைக்கப்படுகிறது. தேர்வின் அதிகாரம் இந்த முன்னறிவிலிருந்தே பிறக்கிறது.

ஆனால் வினா எடுப்பவர் அறியாத ஒன்று உண்டு. தம் வினா, தாம் அளக்க விரும்பியதை அளக்கிறதா என்பதை அவர் தேர்வுக்கு முன் உறுதியாகச் சொல்ல இயலாது. சொல்லாட்சி மயக்கம் தருகிறதா, பிழையான விடைத்தெரிவுகளுள் ஒன்று சரியான விடையாகவும் கொள்ளத்தக்கதா, நன்கு படித்தவரே இடறும் வகையில் வினா அமைந்துவிட்டதா என்பனவெல்லாம் ஆயிரக்கணக்கானோர் விடை எழுதிய பின்னரே வெளிப்படும். அந்நிலையில் வினாத்தாள் மாணவரை நோக்கி அறிவினாவாகவும், எடுத்தவரை நோக்கி அறியா வினாவாகவும் நிற்கிறது. இந்த இரண்டாவது வினாவுக்கான விடை தேர்வு முடிவுகளில் கிடக்கிறது. அதனைப் படிக்கும் பழக்கம் நம் தேர்வு மரபில் வேரூன்றவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அளக்கும் கருவியை அளத்தல்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட தொழில்வழித்தடத்தில் வல்லம் வடகால் சிப்காட் பூங்கா அமைந்துள்ளது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2017-இல் தன் ஆலையொன்றை இங்குத் தொடங்கியது. வாகன உற்பத்தியும் அதற்கு உதிரிபாகம் வழங்கும் தொழில்களும் நிறைந்த இத்தகைய வட்டாரங்களில், உருவாகும் பாகம் கேஜ் எனப்படும் அளவுகருவியால் சோதிக்கப்படும். அளவு தவறினால் பாகம் ஒதுக்கப்படும். அவ்வாறு ஒதுக்கும் உரிமை கேஜுக்கு வருவதற்கு முன், கேஜே சோதனைக்கு உள்ளாகிறது. ஒரே பாகத்தை ஒருவர் பலமுறை அளந்தாலும், பலர் அளந்தாலும் ஒரே அளவு வருகிறதா என்று பார்ப்பது வாகனத் தொழிலில் கட்டாயமான நடைமுறை. அளவுமுறையால் விளையும் வேறுபாடு மொத்த வேறுபாட்டில் 10 விழுக்காட்டுக்குள் இருப்பின் அதனை ஏற்பர். 30 விழுக்காட்டைத் தாண்டினால் அவ்வளவுமுறையையே தள்ளுவர். கருவி தவறாயின் நல்ல பாகம் குப்பைக்குப் போகும், பழுதான பாகம் வண்டியில் ஏறும் என்பதை இத்தொழில் தன் இழப்பின் வழியே கற்றுக்கொண்டது.

இதே வல்லம் வடகாலில், 18,720 தொழிலாளர்கள் தங்கத்தக்க குடியிருப்பு ரூ.706.50 கோடி செலவில் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெண் தொழிலாளர்களை முதன்மையாகக் கருதி எழுந்த இக்குடியிருப்பு, பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள் பெருந்திரளாகத் தொழிற்சாலைக்கு வரும் காலத்தின் அடையாளம். எவர் மருத்துவக் கல்லூரிக்கு, எவர் கலைக்கல்லூரிக்கு, எவர் உற்பத்தி வரிசைக்கு என்பதைத் தீர்மானிக்கும் காரணங்கள் பல. குடும்பப் பொருளாதாரம் அவற்றுள் பெரியது. தேர்வு மதிப்பெண்ணும் ஒன்று. ஒரு திருகாணியைத் தள்ளும் கேஜ் பெறும் சோதனையை, ஒரு மாணவியைத் தள்ளும் வினா பெறுவதில்லை. இவ்விரண்டு நடைமுறைகளுக்கும் இடையிலான தொலைவே இங்குத் திறனாய்வுக்கு உரியது.

வினாவைச் சோதிக்கும் மூன்று எண்கள்

வினாப் பகுப்பாய்வு கல்வியியல் மாணவர்க்குப் புதியதன்று. கல்வியியல் பட்டப்படிப்பின் மதிப்பீட்டுத் தாளில் பாடமாகவே உள்ளது. அதன் அடிப்படை மூன்று எண்கள்.

முதலாவது கடினநிலைக் குறியெண். விடையளித்தோரில் சரியாக விடையளித்தோரின் விகிதம் இது. பெயர் கடினநிலை என்றிருப்பினும் எண் கூடக்கூட வினா எளிது என்பது பொருள். இரண்டாவது வேறுபடுத்தும் குறியெண். மொத்த மதிப்பெண் வரிசையில் மேல்நிலைக் குழுவில் சரியாக விடையளித்தோரின் விகிதத்திலிருந்து கீழ்நிலைக் குழுவின் விகிதத்தைக் கழிக்கக் கிடைப்பது. மேல் 27 விழுக்காடும் கீழ் 27 விழுக்காடும் இதற்கு ஏற்ற குழுக்கள் என்று ட்ரூமன் கெல்லி 1939-இல் நிறுவினார். இக்குறியெண் 0.40-க்கு மேலிருப்பின் வினா நன்று, 0.20-க்குக் கீழ் இறங்கினால் மறுபரிசீலனைக்கு உரியது. சுழிக்கும் கீழ் சென்றால் வினாவிலோ விடைக்குறிப்பிலோ பழுதிருக்க வாய்ப்பு மிகுதி. மூன்றாவது, ஒவ்வொரு விடைத்தெரிவையும் எத்தனை பேர், எந்தக் குழுவினர் தேர்ந்தனர் என்னும் பரவல்.

தமிழ்ப் பாடத்திலிருந்தே ஒரு வினாவை எடுத்துக் கற்பனையாக இதனைப் பொருத்திப் பார்க்கலாம். ‘சார்பெழுத்துகள் எத்தனை வகைப்படும்?’ என்று வினா அமைந்து, விடைக்குறிப்பு 10 என்றிருப்பதாகக் கொள்வோம். எழுதியோர் 100 பேர். மேல்நிலைக் குழு 27, கீழ்நிலைக் குழு 27. கீழ்நிலைக் குழுவில் 15 பேர் 10 என்றும், மேல்நிலைக் குழுவில் 12 பேர் மட்டுமே 10 என்றும், அக்குழுவின் 13 பேர் 3 என்றும் விடையளித்துள்ளனர் எனின், இரு குழுவும் சேர்ந்த கடினநிலைக் குறியெண் 0.50. இதனை மட்டும் நோக்கினால் வினா நடுத்தரமானது, குறையற்றது என்றே தோன்றும். வேறுபடுத்தும் குறியெண்ணோ –0.11. நன்கு படித்தோரை இவ்வினா தண்டித்திருக்கிறது. காரணம் வெளிப்படை. நன்னூல்வழி விடை 10. தொல்காப்பியவழி விடை 3. எந்த நூலின்படி என்று வினா சொல்லவில்லை. இரு நூலையும் கற்றவர் தயங்குகிறார். ஒன்றை மட்டும் கற்றவர் தயக்கமின்றி எழுதிவிடுகிறார். நூற்குற்றங்களுள் ‘மயங்க வைத்தல்’ என்று நன்னூல் எண்ணும் குற்றம் இங்கு ஓர் எதிர்மறை எண்ணாக வெளிப்பட்டு நிற்கிறது. ‘நன்னூலின்படி’ என்னும் ஒரு சொல் சேர்ந்தால் வினா திருந்திவிடும்.

தமிழ்த் தேர்வுகளில் விரிவிடை வினாக்களே மிகுதி என்பதால் இம்முறை பொருந்தாது என்பது அடிக்கடி சொல்லப்படும் மறுப்பு. விரிவிடைக்கும் இக்கணக்கு இயலும். ஒரு வினாவுக்குக் கிடைத்த சராசரி மதிப்பெண்ணை அவ்வினாவின் முழு மதிப்பெண்ணால் வகுத்தால் கடினநிலை தெரியும். அவ்வினாவின் மதிப்பெண்ணுக்கும் ஏனைய வினாக்களின் கூட்டுக்கும் உள்ள ஒட்டுறவு வேறுபடுத்தும் திறனைக் காட்டும். ‘அல்லது’ என்று இரு வினாக்களுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் பகுதியில், ஒரு வினாவைப் பத்தில் ஒன்பது பேர் ஒதுக்கியிருந்தால் அவ்விரண்டும் நிகரானவை என்ற எண்ணத்தை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியதாகிறது.

தரவு உண்டு, வாசிப்பு இல்லை

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2024-இல் 94.56 விழுக்காட்டினரும், 2025-இல் 95.03 விழுக்காட்டினரும் தேர்ச்சி பெற்றனர். முடிவு வெளியாகும் நாளில் மாவட்டவாரியாக, பாலினவாரியாக, பள்ளி வகைவாரியாக, பாடவாரியாக எண்கள் அடுக்கப்படுகின்றன. நூற்றுக்கு நூறு பெற்றோர் தொகை தலைப்புச் செய்தியாகிறது. வினாவாரியான எண் அவற்றுள் இடம்பெறுவதில்லை. முந்தைய ஆண்டைவிடத் தேர்ச்சி உயர்ந்ததற்குக் கற்பித்தல் மேம்பட்டது காரணமா, வினாத்தாள் எளிதானது காரணமா என்று கேட்டால், வெளியிடப்படும் எண்களிலிருந்து விடை கூற இயலாது. மாணவரின் உயர்வும் வினாவின் தாழ்வும் ஒரே விழுக்காட்டுக்குள் ஒளிந்துகொள்கின்றன.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் கொள்குறி வகைத் தேர்வுகளில் ஏ, பி, சி, டி ஆகியவற்றுடன் ‘இ’ என்னும் ஐந்தாம் கட்டம் 2020 முதல் இடம்பெறுகிறது. விடை தெரியாதவர் அதனை நிரப்ப வேண்டும். வெற்றுக் கட்டங்கள் பின்னர் நிரப்பப்படும் முறைகேட்டைத் தடுப்பதே இதன் நோக்கம். வினாப் பகுப்பாய்வின் நோக்கில் இது பிறிதொரு வகையில் அரியது. தெரியாமல் விட்டவரையும் ஊகித்துத் தவறியவரையும் பிரித்துக் காட்டும் தரவு இங்குத் தானே திரண்டுவிடுகிறது. ஒரு தமிழ் வினாவுக்கு மேல்நிலைக் குழுவினரும் பெருந்தொகையாக ‘இ’ கட்டத்தை நிரப்பியிருப்பின், அது அறிவை அளந்ததா, எவரும் நினைவில் கொள்ளத் தேவையற்ற ஒரு துணுக்கை அளந்ததா என்று கேட்க இடமுண்டு. நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களுள் 100 தமிழுக்கு உரியவை. அவற்றுக்கான 150 மதிப்பெண்ணில் 60 பெறாதவர் தரவரிசைக்கே வர இயலாது. இத்தனை கனம் ஏற்றப்பட்ட தமிழ் வினாக்களின் தரம், உத்தேச விடைக்குறிப்பின் மீது தேர்வர் எழுப்பும் மறுப்புகளோடு நின்றுவிடத்தக்கதன்று. மறுப்பு விடையின் பிழையைக் காட்டும். வினாவின் பயனின்மையைக் காட்டாது.

கல்லூரிகளில் நிலைமை இன்னும் நகைமுரணானது. வினாத்தாளில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே கே1 முதல் கே6 வரை அறிவுநிலை குறிக்கும் வழக்கம் பரவியுள்ளது. பெஞ்சமின் புளூம் முதலானோர் 1956-இல் வெளியிட்டு, 2001-இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தியமைத்த படிநிலையே இதற்கு மூலம். இக்குறி வினா எடுப்பவரின் நோக்கத்தைச் சொல்கிறது; வினாவின் இயல்பைச் சொல்வதில்லை. ‘சிலப்பதிகாரத்தில் ஊழின் பங்கைப் பகுத்தாய்க’ என்பது கே4 எனக் குறிக்கப்படலாம். அவ்விடை குறிப்பேட்டில் தயாராக இருப்பின் மாணவர்க்கு அது கே1. பகுத்தாய்வு வினா என்றால் மனப்பாட வினாக்களில் மதிப்பெண் பெற்றோர் பலர் அதில் தடுமாற வேண்டும். அவ்வாறன்றி இருவகை மதிப்பெண்களும் ஒட்டியே செல்லுமாயின் அக்குறியை ஐயுற வேண்டும். இதைச் சரிபார்க்கத் தேவையான வினாவாரி மதிப்பெண், பாட அடைவுக் கணக்கீட்டுக்காகப் பல கல்லூரிகளில் கணினியில் ஏற்றப்படுகிறது. அக்கோப்பிலிருந்து மாணவரின் அடைவு கணக்கிடப்படுகிறது, தர மதிப்பீட்டுக் குழுவிடம் காட்டப்படுகிறது, பின் மூடப்படுகிறது. ஒரு தாளில் தோல்வி மிகுந்தால் தேர்ச்சிக் குழு மதிப்பெண்ணைக் கூட்டித் தருகிறது. கேஜ் தவறென்று ஐயுற்ற பின்னும் கேஜைத் தொடாமல், பாகத்தின் அளவை ஏட்டில் திருத்தி எழுதும் செயலுக்கு இது ஒப்பாகும்.

2018: தமிழ் வினாத்தாளும் நீதிமன்றமும்

வினாவாரித் தரவை வாசிக்காததன் விலை என்ன என்பதற்கு 2018 மே 6 அன்று நடந்த நீட் தேர்வு அழுத்தமான சான்று. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் நடத்திய அத்தேர்வில் 180 வினாக்கள். வினாவுக்கு 4 வீதம் 720 மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். தமிழில் எழுதியோர் 24,720 பேர். தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் மொழிபெயர்ப்புப் பிழையுடையன என்று கூறி, மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். ‘சிறுத்தை’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று அச்சாகியிருந்தமை அப்போது பரவலாகச் சுட்டப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 ஜூலை 10 அன்று, தமிழில் எழுதிய அனைவர்க்கும் 49 வினாக்களுக்கும் 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அதே மாதம் இதனை நிறுத்திவைத்து, நவம்பரில் நீக்கியது.

தீர்ப்புகளின் சட்டநியாயம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இரு தீர்வுகளின் கணக்கை மட்டும் இங்கு நோக்கலாம். 196 மதிப்பெண்ணை அனைவர்க்கும் கூட்டினால் ஏற்கெனவே 524-க்கு மேல் பெற்ற எவரும் 720-ஐக் கடந்துவிடுவார். அந்த 49 வினாக்களில் ஒரு மதிப்பெண்ணும் இழக்காதவரும் அனைத்தையும் இழந்தவரும் ஒரே தொகையைப் பெறுவர். எழுத்துப்பிழை இருந்தும் பொருள் விளங்கிய வினாவும், பொருளே மாறிய வினாவும் ஒரே தட்டில் நிற்கும். மறுபுறம் எதுவும் வழங்காத தீர்வு, 49 வினாக்களும் எவரையும் பாதிக்கவில்லை என்று கொள்வதற்குச் சமம். இவ்விரு முனைகளுக்கும் நடுவே, எந்தெந்த வினா தமிழ்த் தேர்வரை எவ்வளவு பாதித்தது என்னும் உண்மை இருந்தது. அதனை அறியும் வழியும் இருந்தது.

அவ்வழி வருமாறு. ஐயத்துக்குரிய 49 வினாக்களை விலக்கி, எஞ்சிய 131 வினாக்களில் பெற்ற மதிப்பெண்ணின்படி தேர்வரை அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். ஒரே அடுக்கில் உள்ள தமிழ்த் தேர்வரையும் ஆங்கிலத் தேர்வரையும் ஒப்பிட்டு, ஐயத்துக்குரிய ஒவ்வொரு வினாவிலும் சரியாக விடையளித்த விகிதத்தைக் காண வேண்டும். நிகரான திறனுடைய இரு குழுக்களுள் ஒன்று மட்டும் குறிப்பிட்ட வினாவில் சரிந்திருப்பின், சரிவுக்குக் காரணம் அவ்வினாவைச் சுற்றியே இருக்க வேண்டும். மேன்டலும் ஹென்செலும் 1959-இல் மருத்துவ ஆய்வுக்கென வகுத்த முறையை ஹாலண்டும் தேயரும் 1988-இல் தேர்வு வினாக்களுக்குக் கொண்டுவந்தனர். 2018-இல் இது முப்பதாண்டு பழைய முறை. 24,720 என்பது அதற்குப் போதுமான எண்ணிக்கை. விடைத்தாள்கள் கணினியால் திருத்தப்பட்டவை ஆதலின் தரவு முழுமையானது. இப்பகுப்பாய்வு முடிவு வெளியாவதற்கு முன்பே நடந்திருப்பின், வினாவாரியான தீர்வு தேர்வமைப்பின் உள்ளேயே பிறந்திருக்கும். நீதிமன்றம் முழுமைக்கும் சுழிக்கும் இடையே தெரிவுசெய்ய நேர்ந்திராது.

மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்னும் விதி இத்தேர்வில் இருந்தது. இவ்விதி தமிழ் வினாவைத் தனித்து நிற்கும் வினாவாக ஏற்பதில்லை. மூலத்தின் நிழலாகவே கருதுகிறது. பிழையைக் கண்டறியும் பொறுப்பையும் அது தேர்வறையில் அமர்ந்திருக்கும் மாணவர் மீதே சுமத்துகிறது. தமிழ்வழியில் கற்றதனாலேயே தமிழ் வினாத்தாளைத் தெரிவுசெய்தவர், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு மூலபாடத் திறனாய்வு செய்ய வேண்டும் என்பது அதன் உட்கிடை.

விடைப் பரவலை நீதிமன்றத்தில் காணும் நிலை பின்னரும் தொடர்ந்தது. 2024 நீட் தேர்வில் அணு பற்றிய ஓர் இயற்பியல் வினாவுக்குத் தேசியத் தேர்வு முகமை இரு விடைகளை ஏற்றது. பழைய பாடநூற் பதிப்பைப் பின்பற்றியோரை முன்னிட்டு இரண்டாவது விடைக்கும் மதிப்பெண் தரப்பட்டது. அவ்விடையைத் தெரிவுசெய்தோர் 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பது உச்சநீதிமன்ற விசாரணையில் பேசப்பட்டது. டெல்லி ஐஐடி வல்லுநர் குழு ஒரே விடையே சரியென்று கூற, முழு மதிப்பெண் பெற்றிருந்தோரில் 44 பேர் அந்நிலையை இழந்தனர். இத்தகைய பரவல், வினாவைப் பாடநூற் பதிப்புகளோடு வைத்து மீண்டும் வாசிக்க வேண்டும் என்பதற்கான முதல் அறிகுறி.

எண்ணின் எல்லை

புள்ளிவிவரத்தைத் தீர்ப்பாகக் கொள்வதிலும் இடருண்டு. வேறுபடுத்தும் குறியெண் மொத்த மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொள்கிறது. மொத்தத் தாளுமே மனப்பாடத்தை அளப்பதாயின், சிந்தனையைக் கோரும் ஒரே நல்ல வினா அத்தாளோடு ஒட்டாமல் தாழ்ந்த குறியெண் பெறும். அதனை நீக்கினால் தாள் மேலும் சீராகும், மேலும் வறிதாகும். அனைவரும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படையைக் கேட்கும் வினாவை 95 விழுக்காட்டினர் சரியாக எழுதினால், அதன் வேறுபடுத்தும் திறன் குறைவாகவே இருக்கும். அது வினாவின் குறையன்று, கற்பித்தலின் நிறைவு. முப்பது பேர் எழுதும் வகுப்பில் ஓரிருவரின் விடை மாறினாலும் குறியெண் பெரிதும் மாறும் என்பதால், சிறுதொகையில் பெற்ற எண்ணைப் பல ஆண்டுகள் சேர்த்துப் பார்த்த பின்னரே நம்பலாம்.

மொழிக்குழு ஒப்பீட்டிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். 2018-இல் தமிழில் எழுதியோரில் மாநிலப் பாடத்திட்டத்தில் பயின்றோர் மிகுதி. நீட் வினாக்களோ தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் பாடநூலைத் தழுவியவை. ஒரு வினாவில் தமிழ்க்குழு சரிந்ததற்கு மொழிபெயர்ப்பு காரணமாகலாம். அப்பாடப்பகுதி பயிற்றப்படாமை காரணமாகலாம். எண் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. எந்த வினாவில் பழுது இருக்கிறது என்று அது சுட்டும். பழுதின் தன்மையைச் சொற்களை வாசிப்பவரே அறிவார். கலைச்சொல் பாடநூலில் வழங்கும் சொல்லா, வேற்றுமை உருபு எதனோடு இயைகிறது, எதிர்மறை எங்கு விழுகிறது, பெயரெச்சத் தொடர் எப்பெயரைத் தழுவுகிறது என்பன அந்த வாசிப்பின் வினாக்கள். இவை இலக்கணப் புலமைக்கு உரியவை.

முடிவுரை

வினாப் பகுப்பாய்வு கல்வியியல் துறையின் தனியுடைமையாகவும், தமிழ் வினாவின் மொழித்தரம் அச்சுப்பிழை திருத்துவோரின் பணியாகவும் இதுகாறும் பிரிந்து கிடக்கின்றன. 2018 வழக்கு இவ்விரண்டும் ஒன்றாக வேண்டிய இடத்தைக் காட்டுகிறது. பெருந்தேர்வுகளில் முடிவுக்கு முன் மொழிவாரி ஒப்பீடு நடத்தி, சரிவு கண்ட வினாக்களை இருமொழிப் புலமையும் பாட அறிவும் உடைய குழுவிடம் ஒப்படைப்பதும், வினாவாரிக் குறியெண்களை மொழிவாரியாக வெளியிடுவதும் நியாயமான கோரிக்கைகள். தேர்வாணையத்தின் ‘இ’ கட்டத் தரவு வினா எடுப்போர் கைக்குச் சென்று சேர்வது அடுத்தது.

கல்லூரித் தமிழ்த்துறைகள் எவருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பாட அடைவுக்கெனக் கணினியில் ஏற்றிய கோப்பில் கடினநிலை, வேறுபடுத்தும் திறன், விடைப் பரவல் அல்லது தெரிவு விகிதம் என்று மூன்று நிரல்களைச் சேர்த்தால் போதும். அடுத்த பருவத்துக்கு வினா எடுக்க அமரும் ஆசிரியர், முந்தைய தாளின் எதிர்மறை எண்களை முதலில் பார்த்துத் தொடங்கலாம். அப்போது தேர்வு, கேட்டவரும் ஒன்றைக் கற்றுக்கொள்ளும் நிகழ்வாகிறது. வல்லம் வடகாலில் ஒரு பாகத்தைத் தள்ளுவதற்கு முன் கேஜ் மீது வைக்கப்படும் ஐயத்தை, ஒரு மாணவியைத் தள்ளுவதற்கு முன் வினா மீது வைப்பது தேர்வு நடத்துவோரின் கடமை.